கல்யாணமாகி 2 வருஷம் ஆகப்போகுது, 21ஆம் நாள் டெஸ்ட்ல "முட்டை வெடிக்கல"னு சொல்லிட்டாங்க. அடுத்து என்ன செய்யலாம்?

வெண்ணாத்தங்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயசு 31. ஊரு மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவுல. கூட்டுறவு சங்கத்துல கம்ப்யூட்டர் வேலை. வர்ற தை வந்தா கல்யாணமாகி 2 வருஷம். இன்னும் ஒன்னும் தங்கல. நாலஞ்சு நாள் தள்ளிப்போகும், ஆசை வந்துடும், அதோட ஆயிடும்.

வீட்டுக்காரருக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில ஷிஃப்ட் வேலை. மாசத்துல ரெண்டு வாட்டி மன்னை எக்ஸ்பிரஸ்ல சனிக்கிழமை காலைல வந்து ஞாயித்துக்கிழமை ராத்திரி வண்டிக்கு கிளம்பிடுவாரு. நான் மாமியாரோட ஊர்லயே இருக்கேன். ஆடி மாசம் வந்தா அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுறாங்க. ஆடியில தங்குனா சித்திரையில பிறக்குமாம், அது ஆகாதாம். பதினெட்டாம் பெருக்குக்கு மாப்பிள்ளைய விருந்துக்கு அழைச்சு, தாலிக்கயிறு மாத்தி, சோறு போட்டு, அன்னைக்கே பஸ் ஏத்தி விட்டாங்க. அதே அம்மா ஆவணியில போன் பண்ணி "ஏதாவது விசேஷம் உண்டா"னு கேட்டாங்க. யாருகிட்ட போய் சொல்றது.

ஆபீஸ்லயும் இதேதான். பயிர்க் காப்பீடு பதிய வர்ற அக்காங்க சிட்டாவையும் அடங்கலையும் நீட்டிக்கிட்டே என் வயித்தப் பாக்குறாங்க.

பீரியட்ஸ் தேதிய உரக்கடை காலண்டர்ல பென்சில் புள்ளியா வச்சு வரேன். அதே காலண்டர்லதான் பால் கணக்கும் இருக்கு. ஒருநாள் மாமியார் பால்காரர்கிட்ட கணக்கு பாக்கும்போது "இந்தப் புள்ளி என்ன, அன்னைக்கு பால் வரலையா?"னு கேட்டு, அவரு இல்லன்னு சொல்ல, ரெண்டு பேரும் என்னையே பாத்தாங்க. புள்ளிக்குப் புள்ளி எண்ணிப் பாத்தா எனக்கு 34 நாள்லேர்ந்து 39 நாள் வரைக்கும் ஆகுது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். வலி பெருசா கிடையாது.

கல்யாணமான தோழிங்க எல்லாம் 12லேர்ந்து 14ஆம் நாள் முக்கியம்னு சொன்னாங்க. அந்த நாள் வார நடுவுல விழுந்தா லீவு போட்டுக்கூட வந்துட்டுப் போயிருக்காரு.

போன மாசம் மன்னார்குடியில ஒரு கல்யாண மண்டபத்துல இலவச கருத்தரிப்பு முகாம் நடந்துச்சு. அவங்க சொன்னபடி 21ஆம் நாள் ரத்தம் கொடுத்தேன், ஸ்கேனும் எடுத்தாங்க. புரோஜெஸ்டிரோன் 0.7. "முட்டை வெடிக்கவே இல்ல, ரெண்டு பக்கமும் நீர்க்கட்டி, 30 தாண்டிட்டீங்க, முட்டை தீர்ந்துக்கிட்டே வரும், நேரா ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் குழந்தை) போயிடுங்க"னு சொல்லி ஒரு அட்டைக்குப் பின்னாடி தொகைய எழுதிக் கொடுத்தாங்க. எங்க வீட்டுல ஒரு போக சம்பா நெல்லு மொத்தமும் வித்தாலும் அந்தத் தொகை வராது. அவருக்கு ஒரு டெஸ்ட்டும் சொல்லல. மாமியாரும் "எங்க வம்சத்துல ஆம்பளைக்கு அந்தக் குறையெல்லாம் கிடையாது"ன்னுட்டாங்க.

நான் தெரிஞ்சுக்க நினைக்கிறது இதுதான். என் உடம்புல நிஜமாவே கோளாறா? 31 வயசு லேட்டா? ஐவிஎஃப்தான் வழியா, இல்ல அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது ஏதாவது இருக்கா?

கைமருந்து எழுதியது:

நீர்க்கட்டிக்கு மலைவேம்பு இலைச் சாறு போதும் சகோதரி. மாதவிலக்கான முதல் 3 நாள் வெறும் வயித்துல குடிங்க. எங்க சின்னம்மா மகளுக்கு அதுலதான் நின்னுச்சு. இங்கிலீஷ் மருந்து சாப்பிட்டா உடம்புதான் ஊதும்.

பழைய நர்சம்மா எழுதியது:

அம்மாடி, நான் பாபநாசம், வலங்கைமான் பக்கம் துணை சுகாதார நிலையங்கள்ல கிராம சுகாதார செவிலியரா இருந்து ஓய்வு வாங்குனவ. டாக்டர் இல்ல, அத முதல்லயே சொல்லிடுறேன். ஆனா காலண்டர்ல நீ பென்சில் புள்ளி வச்சிருக்க பாரு, அது ஒன்னு போதும் பாதி விஷயம் பேசுறதுக்கு. முகாம்ல உன்கிட்ட அந்த எண்ணிக்கைய யாராவது கேட்டாங்களா? கேட்டிருந்தா 21ஆம் நாள் ரத்தம் எடுத்திருக்க மாட்டாங்க.

எப்படின்னு சொல்றேன். முட்டை வெளிய வந்த அப்புறம், அது விட்டுட்டுப் போன கூடு சுரக்குறதுதான் புரோஜெஸ்டிரோன். முட்டை வந்து ஒரு வாரம் கழிச்சு அது உச்சத்துல இருக்கும். 28 நாளுக்கு ஒருதரம் ஆகுறவளுக்கு முட்டை 14ஆம் நாள் வாக்குல வரும், அதோட ஒரு வாரம் கூட்டினா 21. அந்தக் கணக்குலதான் எல்லா லேப்லயும் "21ஆம் நாள் டெஸ்ட்"னு பேரு ஆயிடுச்சு. உனக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது. முட்டை வந்ததுலேர்ந்து அடுத்த மாதவிலக்கு வரைக்கும் உள்ள பின்பாதி ஏறக்குறைய 2 வாரம், அது அவ்வளவா மாறாது. ஒருத்திக்கு 26 நாளும் இன்னொருத்திக்கு 38 நாளும் ஆகுதுன்னா, வித்தியாசமெல்லாம் முன்பாதியிலதான். 37 நாள்ல 14ஐக் கழி. 23. அப்ப உனக்கு முட்டை வர்றதே 23ஆம் நாள் வாக்குலதான். 21ல ஊசி குத்தி எடுத்தா 0.7 வராம வேற என்ன வரும்?

அதனால முட்டை வருதுன்னு நான் சத்தியம் பண்ணல. வராமலும் இருக்கலாம். அந்த ஒரு சீட்ட வச்சு ரெண்டு பக்கமும் சொல்ல முடியாதுங்கறேன். உனக்கு அந்த டெஸ்ட்ட 30ஆம் நாள் வாக்குல எடுக்கணும். எடுத்த தேதியையும், அதுக்கப்புறம் எந்தத் தேதியில மாதவிலக்கு ஆச்சுங்கறதையும் எழுதி வை. இடையில ஒரு வாரம் இருந்து, அளவு 3க்கு மேல இருந்துச்சுன்னா முட்டை வந்திருக்கு.

அடுத்தது அந்த 12, 14 விஷயம். வெளிய வந்த முட்டை 12லேர்ந்து 24 மணி நேரம்தான் தாங்கும். ஆணோட உயிரணு உள்ளுக்குள்ள 5 நாள் வரைக்கும் தாங்கும். அதனால முட்டை வர்ற நாளும் அதுக்கு முந்தின 5 நாளும், ஆக 6 நாள்தான் கருத்தரிக்க வாய்ப்புள்ள நாள். அதுலயும் கடைசி 2, 3 நாள் ரொம்ப முக்கியம். உன் சுழற்சி 34ஆ இருந்தா முட்டை 20ல, 39ஆ இருந்தா 25ல. அப்ப 15லேர்ந்து 25 வரைக்கும் உள்ள நாள்தான் உன்னுது. பாவம் அந்தப் புள்ள சம்பளத்த வெட்டிக்கிட்டு லீவு போட்டு 14ஆம் நாள் வந்துட்டுப் போனா, எப்படிப் பாத்தாலும் 19ஓட அது முடிஞ்சுடுது. முறைத்தண்ணி திறக்குறதுக்கு முந்தின வாரமே வரப்புல காவல் இருந்துட்டு வீடு திரும்பின மாதிரி.

அப்ப அந்த "2 வருஷம்"ங்கறத எடுத்து வச்சுப் பாரு. 37 நாளுக்கு ஒருதரம்னா வருஷத்துக்கு உனக்கு 10 சுழற்சிதான், 12 இல்ல. 2 வாரத்துக்கு ஒருதரம் ரெண்டு நாள் வர்ற மனுஷன் உன்னோட 6 நாளுக்குள்ள வந்து சேர்றது பாதிக்குப் பாதிதான் நடக்கும். அதுல ஆடி வேற. மிச்சத்த நீயே எண்ணிக்கோ. டாக்டருங்க குழந்தையின்மைன்னு எழுதுறது, தடுப்பு எதுவும் இல்லாம ஒழுங்கா சேர்ந்திருந்து 12 மாசம் ஆகியும் தங்கலன்னாதான். பொண்ணுக்கு 35 தாண்டியிருந்தா 6 மாசம் பாத்துட்டு வரச் சொல்லுவாங்க. சேர்ந்திருக்குற நூறு ஜோடியில 80க்கு மேல அந்த ஒரு வருஷத்துக்குள்ள தங்கிடும்.

எங்ககிட்ட தகுதியுள்ள தம்பதியர் பதிவேடுன்னு ஒன்னு இருக்கும். கல்யாணத் தேதி, ரெண்டு பேர் வயசு, எத்தனை குழந்தை, என்ன குடும்பநல முறைன்னு வரிசையா எழுதணும். கல்யாணமாகி 4 வருஷம், குழந்தை இல்லன்னு ஒரு வரி கண்ணுல படும். வீட்டுக்குப் போய் திண்ணையில உக்காந்து விசாரிச்சா அவன் மஸ்கட்லயோ சிங்கப்பூர்லயோ இருப்பான், வந்து 40 நாள் இருந்துட்டுப் போயிருப்பான். அதுக்கு அந்தப் பதிவேட்டுல ஒரு கட்டம் கிடையாது. அந்தப் பொண்ணுதான் ஊர்ல மலடின்னு பேர் வாங்கிக்கிட்டு நிப்பா. எனக்கு இன்னிக்கும் அந்த ஆத்திரம் தீரல.

இனி நீர்க்கட்டி. கட்டின்னு பேர் வச்சதுலயே பாதிப் பேர் செத்துப் பொழைக்கிறாங்க. அது அறுத்து எடுக்குற கட்டியில்ல. 2லேர்ந்து 9 மில்லிமீட்டர்ல இருக்குற சின்ன முட்டைப்பைங்க, முழுசா வளராம நின்னுருக்கும். ஸ்கேன்ல அது தெரிஞ்சா மட்டும் பிசிஓஎஸ், அதாவது நீர்க்கட்டிக் கோளாறுன்னு முடிவு கட்ட மாட்டாங்க. நாள் தள்ளிப்போறது, மீசை தாடி வாக்குல முடியோ ரத்தத்துல ஆண் ஹார்மோனோ அதிகமா இருக்குறது, ஸ்கேன்ல அந்தத் தோற்றம், இந்த மூணுல ரெண்டாவது இருக்கணும். தைராய்டும், பால் சுரக்க வைக்குற புரோலாக்டின் ஹார்மோனும் சரியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் அந்தப் பேரையே வைக்கணும். உனக்கு 35 நாள் தாண்டி அடிக்கடி போகுது, அதனால பிசிஓஎஸ் இருக்க வாய்ப்பு உண்டு. அப்படியே இருந்தாலும் அதுக்கு முதல்ல கொடுக்குறது முட்டைய வளர வைக்குற லெட்ரோசோல் மாத்திரை. மாதவிலக்கு ஆரம்பிச்ச 2, 3ஆம் நாள்லேர்ந்து 5 நாள். கூடவே ஒன்னு விட்டு ஒரு நாள் ஸ்கேன் பண்ணி முட்டைப்பை 18, 20 மில்லிமீட்டர் வரைக்கும் வளருதா, வெடிக்குதான்னு பாப்பாங்க. ஐவிஎஃப் அதுக்கெல்லாம் ரொம்ப தூரம் தள்ளி இருக்கு. ஆனா மெடிக்கல்ல நீயா கேட்டு வாங்கிப் போடாத.

அதனால ஐவிஎஃப் வேண்டாம்னு சொல்றேனே ஒழிய டாக்டர் வேண்டாம்னு சொல்லல. இத்தனை நீளமா நாள் போகுறவ வருஷக் கணக்கு பாத்துக் காத்திருக்கவே தேவையில்ல. மன்னார்குடி அரசு மருத்துவமனையிலயே மகப்பேறு டாக்டர் பாப்பாங்க. மேல பாக்கணும்னா தஞ்சாவூர் ராசா மிராசுதார் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பாங்க. காலண்டர கழட்டிக் கையோட எடுத்துட்டுப் போ, வெக்கப்படாத. தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், அப்புறம் புரோலாக்டின், சர்க்கரை, ஹீமோகுளோபின் பாப்பாங்க. முட்டைய வளத்து வெளிய விட வைக்குற எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் ஹார்மோன் ரெண்டையும் மாதவிலக்கான 2, 3ஆம் நாள் எடுக்கணும், மத்த நாள்ல எடுத்தா அர்த்தமில்ல. சின்ன வயசுல டிபி வந்திருந்தாலோ, வீட்டுல யாருக்காவது இருந்தாலோ கேக்காமலே சொல்லிடு. நம்ம நாட்டுல கருக்குழாய் அடைப்புக்கு அது ஒரு பெரிய காரணம். சாயம் விட்டு எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணுமான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க.

ஃபோலிக் ஆசிட் இன்னைக்கே கேட்டு வாங்கு. தினம் 400 மைக்ரோகிராம். குழந்தையோட முதுகுத்தண்டுக் குழாய் மூடுறது கரு உண்டாகி 4 வாரத்துக்குள்ள, அதாவது நிறைய பேருக்குக் கரு தங்கியிருக்குன்னே தெரியுறதுக்கு முன்னாடியே. அதனால அது முன்கூட்டியே உடம்புல இருக்கணும்.

மலைவேம்பு சொன்ன தம்பிக்கு: உங்க சின்னம்மா மகளுக்கு நின்னது சந்தோஷம். ஆனா இந்தப் பொண்ணுக்கு மாதவிலக்கு தள்ளிப்போய் இருக்கும்போது கரு தங்கியிருக்கா இல்லையான்னே தெரியாது, அந்த நேரத்துல கசாயம் சாறுன்னு எதையும் உள்ள விடக்கூடாது. மாத்திரை சாப்பிடும்போது சேத்துச் சாப்பிடுறதும் ஆகாது.

முல்லைவனம் எழுதியது:

நான் பாபநாசம். திருக்கருகாவூர் உங்களுக்கு ஒரு பஸ் மாறினா போதும், ஒருதரம் போயிட்டு வாங்க தங்கச்சி. கர்ப்பரட்சாம்பிகை சன்னதிப் படிய நெய்யால மெழுகி கோலம் போடணும். அப்புறம் பிரசாத நெய் கொடுப்பாங்க, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ராத்திரி படுக்கப் போறப்ப 48 நாள் சாப்பிடணும். உங்களுக்கு அந்த மூணு நாலு நாள் வந்தா நிறுத்திக்கலாம், அவரு சாப்பிடலாம்.

எனக்குத் தங்குனது அம்பாளாலயா தைராய்டு மாத்திரையாலயான்னு என் நாத்தனார் இன்னிக்கும் சண்டைக்கு வருவா. நான் ரெண்டையும்தான் சாப்பிட்டேன். ஒன்னு மட்டும் சொல்லுவேன். அங்க போனா உங்கள மாதிரி நாலு பேர் வரிசையில நிப்பாங்க. யாரும் யாரையும் விசேஷம் உண்டான்னு கேக்க மாட்டாங்க. எதுக்கு வந்திருக்கோம்னு எல்லாருக்கும் தெரியும்.

ராத்திரி ரயில் எழுதியது:

வணக்கம் சிஸ்டர். ஆம்பளைங்க இதுல எழுத மாட்டாங்க, அதனால நான் எழுதுறேன். நானும் உங்க வீட்டுக்காரர் மாதிரி சனிக்கிழமை காலைல வந்து இறங்குற ஆளுதான், எனக்கு இறங்குற இடம் மாயவரம்.

குழந்தை இல்லாத ஜோடிகள்ல பாதிப் பேருக்கிட்ட ஆண் பக்கத்துலயும் ஏதாவது ஒன்னு இருக்கும். வம்சம் எல்லாம் லேப்ல செல்லாது. அவரு விந்து டெஸ்ட் எடுக்கணும். இருக்கிறதுலயே விலை குறைஞ்ச டெஸ்ட், ஊசி கிடையாது, வலி கிடையாது. உங்களுக்கு சாயம் விட்டு எக்ஸ்ரே எடுக்குறதுக்கு முன்னாடி அவரு ஒரு டப்பாவ வாங்கிக்கிட்டு ஒரு ரூமுக்குள்ள போயிட்டு வர்றதுதான் நியாயம். சங்கடமாத்தான் இருக்கும், இல்லன்னு சொல்லல. நான் போன லேப்ல அந்த ரூமுக்கு வெளியிலயே டோக்கன் நம்பர சத்தமா கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. எதிர்ல உக்காந்திருந்த பெரியவரு சர்க்கரை டெஸ்ட்டுக்கு வந்தவரு, என்னைப் பாத்து "தம்பிக்கும் சுகரா"ன்னாரு. ஆமாங்கன்னுட்டேன்.

கொடுக்குறதுக்கு முன்னாடி விந்து வெளியேறாம 2 நாளாவது விட்டிருக்கணும், 7 நாளுக்கு மேல ஆகக்கூடாது. வீட்டுல எடுத்துட்டுப் போனா ஒரு மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும், ஆணுறை எல்லாம் பயன்படுத்தக் கூடாது. ரிப்போர்ட்ட பாத்து நடுங்காதீங்க. உயிரணுல "இயல்பான வடிவம் 4 சதவீதம்"னு பாத்தவுடனே எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. உலக சுகாதார நிறுவனம் 2021ல போட்ட கையேட்டுப்படி கீழ்வரம்பே 4 சதவீதம்தானாம். எண்ணிக்கை ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம், அசையுறது 42 சதவீதம், அளவு 1.4 மில்லி. இதுக்குக் கொஞ்சம் கீழ வந்தாலும் முடியாதுன்னு அர்த்தம் இல்ல, மறுபடி எடுத்துப் பாக்கச் சொல்லுவாங்க.

ஒரு உயிரணு உருவாக ரெண்டரை மாசம் ஆகுது. அதனால இன்னைக்கு சிகரெட்ட விட்டா 3 மாசம் கழிச்சுதான் ரிப்போர்ட்ல தெரியும். கம்பெனியில ஃபர்னஸ், பாய்லர் பக்கம் நின்னு வேலை செய்யுறவரா இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க. ஜிம்முல உடம்பு ஏத்த டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஏதாவது போட்டிருந்தா கட்டாயம் சொல்லணும். அது ஆம்பளத்தனம் கூட்டும்னு நினைச்சுப் போடுறாங்க, உயிரணு உற்பத்தியவே நிறுத்திடும்.

திருவாரூர் டீச்சர் எழுதியது:

31 லேட்டான்னு கேட்டீங்க. இல்ல. பொண்ணு பிறக்கும்போதே 10லேர்ந்து 20 லட்சம் முட்டையோட பிறக்குறா, வயசுக்கு வரும்போது 3, 4 லட்சம் இருக்கும். வாழ்நாள் முழுக்க வெளிய வர்றது 400 வாக்குலதான், மத்ததெல்லாம் தானா கரைஞ்சு போறது. "தீர்ந்துக்கிட்டே வருது"ங்கறது 18 வயசுப் பொண்ணுக்கும் உண்மைதான், அத ஒரு மிரட்டலா சொல்றதுதான் தப்பு. 35 தாண்டினா சரிவு வேகமாகும். எண்ணிக்கை மட்டுமில்ல, முட்டையோட தரமும் குறையும், கரு கலையுறதும் கூடும். நான் 38. 36ல ஆரம்பிச்சேன், 2 ஐவிஎஃப் ஆச்சு, தங்கல. அதனால வயசு ஒன்னுமே இல்லன்னும் யாராவது சொன்னா நம்பாதீங்க. உங்களுக்கு நேரம் இருக்கு, ஆனா சும்மா கடத்துற அளவுக்கு இல்ல.

அடுத்த முகாம்ல ஏஎம்ஹெச்னு, முட்டை இருப்பக் காட்டுற ரத்த டெஸ்ட் எடுக்கச் சொல்லுவாங்க, தயாரா இருங்க. அந்த நம்பர் ஐவிஎஃப் ஊசி போட்டா எத்தனை முட்டை கிடைக்கும்னு சொல்ல உதவும். இயல்பா தங்குமா தங்காதான்னு அதால சொல்ல முடியாது. 2017ல ஜாமா மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுல, 30லேர்ந்து 44 வயசு வரைக்கும், குழந்தையின்மைன்னு முன்னாடி எதுவும் இல்லாத பொண்ணுங்கள வச்சுப் பாத்தாங்க. ஏஎம்ஹெச் குறைவா இருந்தவங்களுக்கும் சரியா இருந்தவங்களுக்கும் இயல்பா தங்குறதுல வித்தியாசம் தெரியல. நீர்க்கட்டி இருந்தா இந்த நம்பர் தாராளமா அதிகமாத்தான் வரும், பாத்து பயந்துடாதீங்க.

என்னைக்காவது ஐவிஎஃப் வரைக்கும் போக வேண்டி வந்தா ஒன்னு கேளுங்க. 2021ல வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டத்துக்கு அப்புறம் ஒவ்வொரு மையமும் பதிவு பண்ணியிருக்கணும், சான்றிதழ் சுவர்ல மாட்டியிருக்கணும். அட்டைக்குப் பின்னாடி எழுதுன தொகையில ஊசி மருந்து சேருமா, கருவ உறைய வைக்குற செலவு சேருமான்னு தனித்தனியா எழுதி வாங்குங்க. எங்களுக்கு பாதிக்குப் பாதி அதுக்கு வெளியிலதான் வந்துச்சு.

வெண்ணாத்தங்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நர்சம்மா, உங்க பதில படிச்சிட்டு ராத்திரி லைட்டப் போட்டு காலண்டர எடுத்துப் பாத்தேன். அவரு லீவு போட்டு வந்த தேதிய எல்லாம் டிக்கெட் மெசேஜ்லேர்ந்து எடுத்து எதிர்ல எழுதினேன். பெரும்பாலும் 11க்கும் 14க்கும் நடுவுலதான் இருக்கு. 20 பக்கத்துல வந்தது ஏதோ ஒன்னு ரெண்டு, அதுவும் எதேச்சையா.

அவருகிட்ட போன்ல சொன்னேன். டெஸ்ட்டுக்கு சரின்னுட்டாரு. "ஆனா அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்"ன்னாரு. அது இருக்கட்டும். இன்னொன்னு சொன்னாரு, அதுதான் மனசுல நிக்குது. "டிக்கெட் போடும்போதே இதுக்குத்தான் போறோம்னு இருந்தா, வந்து இறங்கும்போதே பரீட்சை எழுத வந்த மாதிரி இருக்கு"ன்னாரு. எனக்கும் அப்படித்தான். 15லேர்ந்து 25ன்னா 11 நாள். அத்தனை நாள் லீவு யாரு கொடுப்பா? எந்த ரெண்டு நாள்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? மெடிக்கல்ல அந்த அண்டவிடுப்பு கிட்னு ஒன்னு விக்கிறாங்களே, அத நம்பலாமா?

பழைய நர்சம்மா எழுதியது:

அவன் சொன்னது சரிதான். நாள் குறிச்சுப் படுக்கச் சொன்னா எந்த ஜோடிக்குத்தான் மனசு வரும். வந்த ரெண்டு நாளும் டெஸ்ட், ரிப்போர்ட், முட்டைன்னு பேசாதீங்க. படத்துக்கோ வேளாங்கண்ணிக்கோ எங்கயாவது போயிட்டு வாங்க. மாமியார் கூட வரேன்னா, மதியானம் வெயில் அதிகம்னு சொல்லிடு.

கிட் எல்ஹெச் ஹார்மோன் ஏறுறத சிறுநீர்ல காட்டும். ரெண்டாவது கோடு முதல் கோட்டுக்கு சமமாவோ அதிகமாவோ அழுத்தமா விழுந்தா, அடுத்த 24லேர்ந்து 36 மணி நேரத்துல முட்டை வரும்னு கணக்கு. ஆனா பிசிஓஎஸ் இருந்தா அந்த ஹார்மோன் எப்பவுமே கொஞ்சம் ஏறியே இருக்கும், கிட் வீணா கோடு காட்டி ஏமாத்தும். அவரு ஒரு ராத்திரி தூரத்துல இருக்காரு, கோடு விழுந்த அப்புறம் டிக்கெட் தேடினா தட்கல்லயும் கிடைக்காது. அதனால அத மட்டும் நம்பி இருக்காத.

காசு செலவில்லாத அடையாளம் ஒன்னு உண்டு. வெள்ளைப்படுறத கவனி. முட்டை வர்ற நாள் நெருங்க நெருங்க அது கெட்டியா இருந்தது மாறி, முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழன்னு, ரெண்டு விரலுக்கு நடுவுல இழுத்தா நூலா நீளும். அப்படி ஆரம்பிச்சா வரச் சொல்லு. அது நின்னு மறுபடி கெட்டியானா முட்டை வந்து போயிடுச்சு. அரிப்பு, நாத்தம், தயிர்த் திப்பி மாதிரி இருந்தா அது வேற, அதுக்கு டாக்டர்கிட்ட மருந்து வாங்கணும். காலைல வாயில தெர்மாமீட்டர் வைக்கிற முறையும் இருக்கு, ஆனா அது சூடு ஏறின அப்புறம், அதாவது முட்டை வந்த அப்புறம்தான் சொல்லும். ரயில்ல வர்ற புருஷனுக்கு அது உதவாது.

நான் சொல்லுறது, முட்டைப்பை வளருதான்னு பாக்குற அந்த ஸ்கேன் தொடர்ச்சிய ரெண்டு மூணு மாசம் பண்ணிக்கோ. உன் முட்டை எந்த நாள் வாக்குல வருதுன்னு எழுத்துல வந்துடும். அதுக்கப்புறம் லீவ மொத்தமா சேத்து வச்சு அந்த வாரத்துல எடுக்கச் சொல்லு. இல்லன்னா நீ ஒரு மாசம் லீவு போட்டு ஸ்ரீபெரும்புதூர் போ. பயிர்க் காப்பீடு கார்த்திகையோட முடிஞ்சுடும்ல, அப்புறம் சங்கத்துல உனக்கு என்ன வேலை? ஆடிக்கும் அதேதான். அந்தக் காலத்துல கத்திரி வெயில்ல, மின்விசிறி இல்லாத வீட்டுல, மருத்துவச்சிய வச்சுப் பிரசவம் பாத்தாங்க, அதுக்குப் பயந்தாங்க, நியாயம். இப்ப ஆஸ்பத்திரியில பிரசவம். உங்கம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு, வேணும்னா பேசுறேன்.

உடம்பு கனமா இருந்தா 5 கிலோ குறைஞ்சாலே நிறைய பேருக்கு சுழற்சி சீராகும். சோத்த அடியோட நிறுத்தாத. ராத்திரி சோத்தப் பாதியாக்கி காய் வை, சாயங்காலம் வாய்க்கா ஓரமா அரை மணி நட. ஒல்லியா இருந்தா இந்தப் பத்திய மறந்துடு.

வெண்ணாத்தங்கரை எழுதியது:

சரிம்மா. அடுத்த புள்ளி வந்ததும் 2ஆம் நாளே மன்னார்குடி போறேன். 30ஆம் நாள் டெஸ்ட்டுக்கும் சொல்லி வச்சுடுறேன். ராத்திரி ரயில் அண்ணா, அவரு சனிக்கிழமை வந்துட்டு ஞாயித்துக்கிழமை கிளம்புறாரே, டெஸ்ட்ட எந்த நாள் வச்சுக்கிறது?

ராத்திரி ரயில் எழுதியது:

சனிக்கிழமையே வச்சுக்கோங்க சிஸ்டர். ஞாயித்துக்கிழமை லேப் திறந்திருந்தாலும் இந்த டெஸ்ட்டுக்கு ஆள் இருக்க மாட்டாங்க, முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டுடுங்க. மதியானத்துக்கு முன்னாடி போயிடணும். வண்டியில வந்த அலுப்போட நேரா போக வேண்டாம், வீட்டுக்கு வந்து குளிச்சு சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க. அம்மா எங்கடா கிளம்புறேன்னு கேட்டா, சுகர் டெஸ்ட்டுன்னு சொல்லட்டும்.